கடல் அலையில் மின்சாரம்: காட்பாடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

காட்பாடியிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்ய அவருக்கு ஆசை. "வேலூரில் ஏதுப்பா கடல்? சோலார் ஏதாவது பண்ணு" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கு இரண்டு சந்தேகம். ஐம்பது வருடமாக இந்தக் கருவிகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால் நம் கடற்கரையில் ஏன் ஒன்றையும் காணோம்? கடலைப் பார்க்காமல் இங்கிருந்தே உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். நான் ராணிப்பேட்டைப் பக்கம் முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை விசிறிகளோடு வேலை பார்த்தவன். பாய்லருக்குக் காற்றைத் தள்ளும் விசிறி, புகையை இழுக்கும் விசிறி, தோல் பதனிடும் இடங்களில் நாற்றத்தை வெளியேற்றும் விசிறி, எல்லாம் கை பட்டவை. அலைக் கருவிகளில் ஒரு முக்கியமான வகைக்குள் இருப்பதும் விசிறிதான். நாம் கரண்ட் கொடுத்துக் காற்று வாங்குகிறோம், அங்கே காற்றைக் கொடுத்துக் கரண்ட் வாங்குகிறார்கள். அதனால்தான் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் இருபது வருடமாக இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அலை வேறு, ஓதம் வேறு. நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டமே ஏறி இறங்குவது ஓதம். பிரான்சில் லா ரான்ஸ் என்ற இடத்தில் 1966 முதல் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் ஓடுகிறது. அது அணை கட்டும் வேலை. சென்னைப் பக்கம் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும், அதை நம்பி அணை கட்ட முடியாது. நீங்கள் கேட்டது அலையைப் பற்றி.

அலை காற்றிலிருந்து பிறப்பது. காற்று கடல்மேல் நெடுந்தூரம் உரசிக்கொண்டே போகும்போது தன் வலுவில் ஒரு பங்கை நீரில் விட்டுவிட்டுப் போகிறது. அந்த வலு காற்று நின்ற பிறகும் கடலில் ஓடிக்கொண்டே இருக்கும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று பொங்கி வீட்டுக்குள் வருகிறதே, செய்தியில் கள்ளக்கடல் என்கிறார்களே, அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை. பல நாள் பயணம் செய்து வந்த பிறகும் சுவரை இடிக்கும் தெம்பு அதற்கு மிச்சம் இருக்கிறது.

அந்தத் தெம்பு எவ்வளவு என்று கணக்குப் போடுவது சுலபம். ஆழமான கடலில் அலையின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடியோ அதாலும் பெருக்கிப் பாதியாக்குங்கள். அலைமுகத்தின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் எத்தனை கிலோவாட் வருகிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 1 மீட்டர் உயரம், 6 விநாடி என்றால் 3 கிலோவாட். 2 மீட்டர், 8 விநாடி என்றால் 16 கிலோவாட். ஐந்து குதிரைசக்திப் பம்ப்செட் நாலு ஓடும், ஒரே ஒரு மீட்டர் அகலத்தில். புயல் நாளில் 8 மீட்டர், 12 விநாடி என்று வைத்தால் 384 கிலோவாட்.

இந்த 3, 16, 384 மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. கருவி சம்பாதிப்பது மூன்றிலும் பதினாறிலும். அது தாங்க வேண்டியதோ முந்நூற்று எண்பத்து நாலை. நம் பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் வெறும் மணல். 2021 நவம்பரில் கரைகொள்ளாமல் வெள்ளம் வந்தபோது தரைப்பாலங்களை அடித்துக்கொண்டு போனது. மணல் கிடக்கும் நாளை மனதில் வைத்துப் பாலம் கட்ட முடியுமா? அந்த ஒரு வாரத்துக்காகத்தான் கம்பியும் கான்கிரீட்டும் போட வேண்டியிருக்கிறது. கடலில் அலைக் கருவி வைப்பவன் நிலையும் அதேதான். செலவு முழுக்கப் புயலுக்கு, வரவு முழுக்கச் சாதாரண நாளுக்கு.

இதோடு நம் கரைக்கு இன்னொரு குறை உண்டு. ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் வருட சராசரியே மீட்டருக்கு 40 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. நமக்கு அதில் ஒரு சிறு பங்குதான். தெற்கிலிருந்து வரும் நெடிய அலையைத் தமிழ்நாட்டுக் கரையின் ஒரு பகுதிக்கு இலங்கை மறைத்துக்கொள்கிறது. ராமேசுவரத்துக்காரர்கள் வடக்குப் பக்கக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அலையை அளக்கக் கருவி எதுவும் வருவதற்கு முன்பே பிரித்துவைத்துவிட்டார்கள்.

சரி, கருவிக்கு வருவோம். வடிவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அடிப்படை யோசனை நாலைந்துதான். 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சால்ட்டர் என்பவர் வாத்து மாதிரித் தலையாட்டும் ஒரு மிதவையைச் செய்தார். சோதனைத் தொட்டியில் அது அலையின் பெரும்பகுதியை விழுங்கியது, பின்னால் தண்ணீர் அவ்வளவாக அசையவில்லை. அப்புறம் வந்தது ஸ்காட்லாந்தின் பெலாமிஸ். நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிவப்புக் குழாய்ப் பாம்பு அது. மூட்டுகளில் ஹைட்ராலிக் பிஸ்டன், ஒன்றுக்கு 750 கிலோவாட். கடலடியில் கீல் போட்ட கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற வகை உண்டு. மேலும் கீழும் குதிக்கும் மிதவையை நங்கூரத்தோடு கட்டி, அந்தக் குதிப்பிலிருந்து மின்சாரம் எடுக்கிற வகையும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே தலைவலி: அசையும் இரும்பு கடல்நீருக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது காற்றறை வகை. ஜப்பானியரான யோஷியோ மசுதா இதைத்தான் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைகளில் வைத்து நிரூபித்தார். சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. வீட்டில் பழைய 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். அடிப்பாகத்தை ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள். மூடி வேண்டாம். பம்ப்செட் தொட்டியில், வாய் மேலே இருக்கும்படி நேராகப் பிடித்து அமுக்குங்கள். வாய்க்குமேல் உள்ளங்கையை வைத்தால் உஸ்ஸென்று காற்று அடிக்கும். தூக்கினால் உள்ளங்கையைப் பிடித்து உள்ளே இழுக்கும். என் பேத்திக்கு இதைக் காட்டினேன். வாய்க்குப் பக்கத்தில் காலண்டர் தாளை நீட்டினாள். ஒரு முறை பறந்தது, மறுமுறை வாயோடு ஒட்டிக்கொண்டது. "தாத்தா, கேன் மூச்சு விடுது" என்றாள். கருவியின் தத்துவம் முழுவதும் அவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கேனின் குறுக்களவு அதன் வாயைப்போல ஐந்து மடங்கு என்றால் பரப்பு 25 மடங்கு. உள்ளே தண்ணீர் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் ஏறினால், வாயில் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். கடலின் மந்தமான, கனமான அசைவை வேகமான காற்றாக மாற்றியாகிவிட்டது. இதற்கு ஒரு கியர் பெட்டி தேவைப்படவில்லை. சுழலும் பாகம் எதுவும் கடல்நீரைத் தொடவும் இல்லை. நிஜக் கருவியில் கேனுக்குப் பதில் கான்கிரீட் அறை, அமுக்கும் கைக்குப் பதில் அலை.

சிக்கல் எங்கே என்றால், காற்று இரண்டு பக்கமும் ஓடுகிறது. சாதாரண விசிறியை அங்கே வைத்தால் நாலு விநாடி இப்படிச் சுற்றும், நாலு விநாடி அப்படிச் சுற்றும். ஜெனரேட்டர் என்ன செய்யும்? கொல்லன் பட்டறைத் துருத்தியில் இதற்குத்தான் தோல் வால்வு வைத்திருப்பார்கள், காற்று ஒரே பக்கம் போக. கடலிலும் வால்வு வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 8 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளைக்கு 10,800 தடவை திறந்து மூட வேண்டும். வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தோலும் எந்த ரப்பரும் அதற்கு நிற்காது.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1970களின் பிற்பகுதியில் இதற்குக் கண்டுபிடித்த வழியை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிளேடை அவர் சாய்க்கவே இல்லை. மேசை விசிறிப் பிளேடு சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வில்தான் வேலையே நடக்கும் என்று நாங்கள் படித்தவர்கள். வெல்ஸ் பிளேடு சுழலும் தளத்திலேயே தட்டையாகப் படுத்திருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மீன் மாதிரி இருக்கும். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கூர், இரண்டு முகத்திலும் ஒரே வளைவு. பார்த்தால் இது எந்தக் காற்றிலும் சுற்றாது என்றுதான் தோன்றும்.

ஒரு தடவை சுற்றிவிட்டுப் பாருங்கள். ஓடும் பிளேடுக்கு எதிரே வரும் காற்று நேர் முன்னாலிருந்து வருவதில்லை. அறையிலிருந்து வரும் காற்றும் சேர்வதால் கொஞ்சம் சாய்ந்து வருகிறது. அப்படிச் சாய்ந்து வரும் காற்று, விமான இறக்கையைத் தூக்குவதுபோல, தன் பாதைக்குச் செங்குத்தாகப் பிளேடைத் தூக்குகிறது. அந்தத் தூக்கலில் பெரும்பகுதி தண்டின் திசையில் வீணாகிறது, ஒரு சிறு பங்கு மட்டும் பிளேடை முன்னோக்கி இழுக்கிறது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது படம் கண்ணாடியில் தெரிவதுபோல மாறுகிறது, ஆனால் முன்னோக்கிய இழுப்பு அதே பக்கம்தான். அறை மூச்சை விட்டாலும் இழுத்தாலும் சக்கரம் ஒரே பக்கம் சுற்றுகிறது. வால்வு தேவையே இல்லாமல் போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்பத் திணறும். பெரிய அலையில் காற்று அதிகமானால் பிளேடை விட்டுப் பிரிந்து சுழல் அடிக்க ஆரம்பிக்கும், இழுப்பு சட்டென்று விழுந்துவிடும். சத்தமும் அதிகம்.

இந்தச் சக்கரம் நம் நாட்டில் ஓடியிருக்கிறது, தம்பி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, சென்னை ஐஐடிக்காரர்கள் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியைக் கடலில் இறக்கினார்கள். 150 கிலோவாட் ஜெனரேட்டர், 2 மீட்டர் குறுக்களவுள்ள வெல்ஸ் டர்பைன். 1991 அக்டோபரில் மின்சாரம் கொடுத்தது. உலகத்தில் அந்த வரிசையில் முன்னால் நின்றவர்களில் நாமும் ஒருவர். அதற்குச் சில வருடம் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது துறைமுகச் சுவரில் நின்று பார்த்தேன். கண்ணுக்கு அது வெறும் சாம்பல் நிறக் கட்டடம். காதுக்குத்தான் விஷயம். அலை வந்து முட்டும், ஒரு கணம் கழித்து உள்ளிருந்து நீளமாக ஒரு ஊளை, அலை இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த சுருதியில் இன்னொன்று. பெரிய அலை வரும்போது ஊளை நடுவில் உடைந்து கரகரக்கும். பிளேடை விட்டுக் காற்று பிரிகிறது என்று சுவரில் நின்றே சொல்ல முடிந்தது. விசிறிக்காரனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

அங்கே கற்ற பாடங்கள் விலை மதிப்புள்ளவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நல்ல மின்சாரம் வந்தது, டிசம்பருக்குப் பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. இன்னும் மோசமான விஷயம், அலை சோர்ந்திருக்கும் நேரத்தில் மின்கம்பியோடு இணைந்திருந்த ஜெனரேட்டர் மோட்டாராக மாறி, கொடுத்த மின்சாரத்தையே திரும்பக் குடித்தது. வெல்ஸ் டர்பைனுக்குப் பதில், காற்று வளைந்த பிளேடில் மோதித் தள்ளும் இம்பல்ஸ் டர்பைன் வைத்தும் அங்கே சோதித்தார்கள். 2004 வாக்கில் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அந்த மின்சாரத்தைக் கொண்டே நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது. 2011இல் நிலையத்தை மூடினார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. இருபது வருடம் கடலில் நின்ற ஒரு பெட்டியை மாணவர்கள் போய்ப் பார்க்கும் இடமாகவாவது வைத்திருக்கலாம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1995இல் ஸ்காட்லாந்தின் வடகரையில் இறக்கிய ஆஸ்ப்ரே என்ற கருவி, பொருத்தும் வேலை முடியும் முன்பே புயலில் உடைந்தது. போர்ச்சுகலின் அகுசதோராவில் 2008 செப்டம்பரில் மூன்று பெலாமிஸ் பாம்புகளைக் கோலாகலமாகத் தொடங்கிவைத்தார்கள். பேரிங்கில் கோளாறு, முதலீட்டு நிறுவனத்துக்குப் பண நெருக்கடி, இரண்டே மாதத்தில் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். பெலாமிஸ் செய்த நிறுவனம் 2014இல் படுத்துவிட்டது. அதே அகுசதோராக் கடலில் 2023இல் கோர்பவர் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் மிதவை 18.5 மீட்டர் வரை எழுந்த அலைகளைத் தாங்கி நின்றது. புயல் வந்தால் அலையோடு மல்லுக்கட்டாமல், அலையின் தாளத்தோடு சேர்ந்து ஆடும் இசைவைக் கலைத்துக்கொண்டு, அலையைத் தன்மேல் கடந்து போகவிடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். 384ஐப் பற்றிய கேள்விக்கு நான் பார்த்தவரையில் இதுதான் புத்திசாலித்தனமான பதில்.

புயலையாவது வருடத்தில் சில நாள் என்று எண்ணலாம். உப்பு தினமும் தின்னும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோலை அடுக்கிவைக்கும் ஒரு கிடங்கில் நான் எக்ஸாஸ்ட் விசிறி மாட்டினேன். ஒன்றரை வருடம் கழித்துப் பேரிங் மாற்றப் போனால் ஸ்பேனர் வைக்கக்கூட போல்ட்டில் தலை மிச்சமில்லை. துருப்பிடித்து அடுக்கடுக்காக உரிந்து, தொட்டால் மிக்சர் மாதிரி உதிர்ந்தது. உளி வைத்து வெட்டித்தான் எடுத்தோம். அங்கே அலை இல்லை, ஈரக் காற்றில் உப்பு இருந்தது, அவ்வளவுதான். கடலில் உப்போடு சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். ரிப்பேருக்கு ஏணி போட்டுப் போக முடியாது, படகு வேண்டும், படகு போக அமைதியான கடல் வேண்டும்.

ஆக, அலை மின்சாரம் எப்போது நம் வீட்டுக்கு வரும்? வேலூருக்கு வர வேண்டிய அவசியமே இல்லை என்பது என் எண்ணம். சோலார் ஏலத்தில் யூனிட் இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் நம் மாடியில் வெயில் கொட்டுகிறது. இந்தியக் கடலில் 41,300 மெகாவாட் அலைச் சக்தி இருக்கிறது என்று பேப்பரில் வருவது ஏட்டுக் கணக்கு, அத்தனையையும் அள்ள முடியாது. ஆனால் மின்கம்பி எட்டாத கடலுக்குள்ளேயே மின்சாரம் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் பள்ளிக்கரணை நிறுவனம் அலையால் ஒளிரும் வழிகாட்டி மிதவையை விட்டது, அது சரியான இடம். டீசல் எரிக்கும் தீவுகள், கடல் நடுவே வானிலை அளக்கும் மிதவைகள் இன்னொன்று. எப்படியும் கட்டியே ஆக வேண்டிய துறைமுகச் சுவர் மற்றொன்று. ஸ்பெயினில் முத்ரிக்கு என்ற ஊரில் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே 16 காற்றறை டர்பைன்களை வைத்து, 2011 முதல் 296 கிலோவாட் நிலையம் நடத்துகிறார்கள். சுவர்ச் செலவு துறைமுகக் கணக்கில் போய்விட்டது. தமிழ்நாட்டில் கடலரிப்பைத் தடுக்க இத்தனை தூண்டில் வளைவு கட்டுகிறோமே, தெற்குக் கரையில் ஒன்றிலாவது நாலு அறை விட்டுக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. 2022 நவம்பரில் சென்னை ஐஐடி, தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் வெளியே சிந்துஜா-1 என்ற மிதவையைச் சோதித்தது. ஆக, வேலை நின்றுபோகவில்லை, உங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறது.

இனி உங்கள் ப்ராஜெக்ட். கடல் வேண்டாம், ஒரு பம்ப்செட் தொட்டி போதும். 200 லிட்டர் நீல பேரல் வாங்கி அடியை அறுத்துவிடுங்கள். மேலே ஆறு அங்குல பிவிசி குழாயை நட்டமாகப் பொருத்துங்கள். பரப்பு ஏறக்குறைய 12 மடங்கு சுருங்கும். தொட்டிச் சுவர்மேல் ஏற்றம் மாதிரி ஒரு சவுக்குக் கழி வைத்து, ஒரு முனையில் பேரலையும் மறுமுனையில் கல்லையும் கட்டினால் ஒரு ஆளே சுலபமாக ஆட்டலாம். 30 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம், 4 விநாடிக்கு ஒரு தடவை. குழாயில் காற்று உச்சத்தில் விநாடிக்கு 3 மீட்டர் அளவுக்கு வரும். மின்சாரம் ஒரு வாட்கூட வராது, ஒரு எல்இடி மினுக்கினாலே போதும். எத்தனை வாட் என்று பெருமை பேச வேண்டாம். இரண்டு பக்கக் காற்றிலும் ஒரே பக்கம் சுற்றுகிறதா, பேரலை வேகமாக ஆட்டினால் எந்த இடத்தில் இழுப்பு விழுகிறது, இந்த இரண்டையும் அளந்து வரைபடம் போடுங்கள். அளவெடுக்கக் காற்றுவேகமானி என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, தருகிறேன்.

பிளேடுக்கு நாக்கா 0015 (NACA 0015) என்ற, இரண்டு முகமும் ஒரே வளைவாக இருக்கும் இறக்கை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பிளேடு போதும். குழாய்ச் சுவருக்கும் பிளேடு நுனிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் காற்று அந்தச் சந்தில் நழுவிவிடும். ஆரம்பத்தில் விரலால் சுண்டிவிட வேண்டியிருக்கும், அதற்காகப் பிளேடைச் சாய்த்துவிடாதீர்கள், பலர் செய்கிற தப்பு அதுதான். தேக்கில் செதுக்கினாலும் பிரிண்டரில் எடுத்தாலும், ஒவ்வொரு பிளேடையும் கண்ணாடித் தட்டில் நிமிர்த்தி ஒரு தடவை, புரட்டி ஒரு தடவை வைத்து, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தடவையும் கசியும் வெளிச்சம் ஒரே அளவாக இருந்தால் தண்டில் மாட்டலாம்.